இந்தக் கோலி வேறு

ஹாக்கி என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எனக்கு எழும்பூர் ஸ்டேடியம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸில் தங்கம் வாங்கிய நம்மூர் பாஸ்கரன். அப்புறம் நீளமுடி பறக்க ஓடும் தன்ராஜ் பிள்ளை. 2023 ஆகஸ்டில் அதே எழும்பூரில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டத்தில் மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கி, கடைசியில் 4-3 என்று ஜெயித்தோமே, அதைப் பார்த்துவிட்டுத் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தவன் நான். அடுத்த மாதம் டொரன்டோவில் பெண் வீட்டில் இறங்கினேன். பதிமூன்று வயசுப் பேரன் "தாத்தா, உங்களுக்கு ஹாக்கி பிடிக்குமா?" என்று கேட்டபோது, "பிடிக்குமாவா? உயிர்டா!" என்று சொல்லித் தொலைத்தேன்.

அந்த ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டேன்.

அந்த ஊரில் ஹாக்கி என்றால் பனிக்கட்டி மேல் ஆடுவது. நம்முடையதற்குத்தான் 'ஃபீல்ட் ஹாக்கி' என்று அடைமொழி. 200 அடி நீளம், 85 அடி அகலத்துக்கு ஐஸ். பக்கத்துக்கு ஐந்து பேரும் ஒரு கோல்கீப்பரும். பந்து கிடையாது, தோசைக்கல்லை மூன்று அங்குல விட்டத்துக்குச் சுருக்கி, ஒரு அங்குல கனத்துக்கு ரப்பரில் வார்த்தது போல ஒரு வில்லை. 'பக்' என்கிறார்கள். ஆட்டத்துக்கு முன்னால் அதை ஃப்ரீஸரில் வைத்து இறுக வைப்பார்களாம், துள்ளாமல் வழுக்குவதற்காக. வீரர்கள் முக்கால் நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடிவந்து பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்த கோஷ்டி குதித்து இறங்குகிறது. முதல் நாள் டி.வி.யில் பார்த்தபோது எனக்கு அந்த வில்லையே கண்ணில் படவில்லை. கோல் விழுந்ததா என்பதைப் பேரனின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மாப்பிள்ளை பத்துப் பேரோடு சேர்ந்து ஒரு 'ஃபேன்டஸி லீக்' நடத்திக்கொண்டிருந்தார். அந்த வருஷம் ஒருத்தர் ஊர் மாறிப் போய்விட, ஓர் இடம் காலி. "தாத்தாவுக்கு ஹாக்கி உயிராம்" என்று பேரன் சாட்சி சொல்ல, இருபது டாலர் கட்டி என்னைச் சேர்த்துவிட்டார்கள்.

ஃபேன்டஸி என்றால் என்ன என்று நம் வாசகர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. ட்ரீம் லெவன் தெரியாத வீடு உண்டா? 2023-ல் இந்திய கிரிக்கெட் அணியின் சட்டை மேலேயே அந்தப் பெயர் இருந்தது. 2025 ஆகஸ்டில், காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நாடாளுமன்றம் தடைச் சட்டம் கொண்டுவந்த பிறகு சட்டையிலிருந்து போய்விட்டது. ஆனால் இந்தச் சமாசாரத்துக்கு மூலம் அமெரிக்கா. 1980-ல் டேனியல் ஓக்ரென்ட் என்கிற பத்திரிகையாளர் நண்பர்களோடு நியூயார்க்கில் 'ரோட்டிஸெரி' என்ற பெயர் கொண்ட ஒரு ரெஸ்டாரன்டில் கூடி, பேஸ்பால் வீரர்களை ஏலம் எடுத்து ஆரம்பித்த விளையாட்டு. நிஜத்தில் அவர்கள் ஆட ஆட, காகிதத்தில் நமக்குப் பாயிண்ட். நம்மூரில் மேட்சுக்கு மேட்ச் புது டீம் போடுவோம். அங்கே அப்படி இல்லை. அக்டோபரில் எடுத்த ஆளோடு ஏப்ரல் வரை குடும்பம் நடத்த வேண்டும்.

ஆள் எடுக்கிற நாளுக்கு 'டிராஃப்ட்' என்று பெயர். பத்துப் பேர் வரிசையாக ஒவ்வொருவராக எடுப்பார்கள். ஒருவர் எடுத்த வீரரை இன்னொருவர் எடுக்க முடியாது. அடுத்த சுற்றில் வரிசை தலைகீழ். ஆளுக்கு அறுபது விநாடி. யோசித்துக்கொண்டே இருந்தால் கம்ப்யூட்டர் எவனையாவது தலையில் கட்டிவிடும். (எங்கள் காலத்தில் பெண் பார்க்கப் போனபோது இதைவிடக் கொஞ்சம் அவகாசம் கொடுத்தார்கள்.)

டிராஃப்டுக்கு முன்னால் ஒரு வாரம் பேரன் எனக்கு டியூஷன் எடுத்தான். அவன் தமிழைப் புரிந்துகொள்வான், பதில் இங்கிலீஷில் வரும். அதுவரை எங்களுக்குள் பேச்சு "சாப்டியா?", "ம்" என்பதோடு முடிந்துவிடும். அந்த ஒரு வாரம் நாங்கள் மணிக்கணக்காகப் பேசினோம். அதற்காகவே இருபது டாலர் தகும்.

அவன் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: போன வருஷம் எத்தனை கோல் போட்டான் என்று மட்டும் பார்க்காதே, எத்தனை தடவை அடித்தான் என்று பார். டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸ் டீமின் ஆஸ்டன் மாத்யூஸ் 2021-22 சீசனில் 348 தடவை கோலை நோக்கி அடித்து 60 கோல் போட்டார். அடுத்த சீசனில் 327 தடவை அடித்தும் 40 கோல்தான். "ஆள் முடிஞ்சான்னு பாதிப் பேர் நினைக்கிறாங்க. அடிக்கிறது குறையல, உள்ள போறதுதான் குறைஞ்சிருக்கு. அது திரும்பி வரும்" என்றான். பதிமூன்று வயசு! நான் பேங்கில் முப்பது வருஷம் லோன் கொடுத்தவன். ஒரு மோசமான வருஷத்தைப் பார்த்துவிட்டுக் கட்சிக்காரரைக் கை கழுவக்கூடாது என்கிற அதே பாடம். எனக்கு அது விளங்க பத்து வருஷம் ஆயிற்று.

இரண்டாவது பாடம்: ஆளைப் பார்க்காதே, அவன் யார் பக்கத்தில் ஆடுகிறான் என்று பார். எட்மன்டன் ஆயிலர்ஸ் என்று ஒரு டீம். அதில் கானர் மெக்டேவிட் என்கிற மேதை. 2022-23 சீசனில் 64 கோல், 89 அசிஸ்ட், மொத்தம் 153 பாயிண்ட். எதிராளி தப்பு செய்து இரண்டு நிமிஷம் வெளியே உட்கார்ந்தால் இந்தப் பக்கம் ஓர் ஆள் அதிகம். அதைப் 'பவர் பிளே' என்பார்கள். அந்த சீசனில் எட்மன்டன் நூறு பவர் பிளேக்கு 32-க்கு மேல் கோல் போட்டது. என்.ஹெச்.எல். சரித்திரத்திலேயே அதுதான் உச்சம். ஆகவே அந்த ஐந்து பேரில் நீயும் ஒருத்தனாக ஐஸில் நின்றுகொண்டிருந்தாலே போதும், பிரசாதம் கையில் விழும்.

டிராஃப்ட் அன்று மாப்பிள்ளைக்கு முதல் இடம் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு மெக்டேவிட்டை எடுத்தார். இரண்டாவது இடத்தில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர். ஸ்கார்பரோவில் கடை வைத்திருக்கிறார். எல்லோருக்கும் அண்ணை. எண்பதுகளின் கடைசியில் வந்து இறங்கி, ஏழு பேரோடு ஓர் அபார்ட்மென்டில் குளிர் நடுங்க உட்கார்ந்து, சனிக்கிழமை ராத்திரி டி.வி. ஹாக்கி பார்த்து இங்கிலீஷ் பழகியவர். அவர் மாத்யூஸை எடுத்தார். "உவன் கோல் போடாட்டிலும் பரவாயில்லை. எங்கட டீம் எண்டா எங்கட டீம்தான்" என்றார். லீஃப்ஸ் கடைசியாகக் கோப்பை வாங்கியது 1967-ல். அப்போது லீகில் மொத்தமே ஆறு டீம், 2023-ல் 32. முப்பத்தைந்து வருஷமாக அண்ணை ஒவ்வொரு வருஷமும் "இந்த முறை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதில் ஒரு வியாபார ரகசியம் இருக்கிறது, கவனியுங்கள். ஊர்ப்பாசத்தால் டொரன்டோக்காரர்கள் லீஃப்ஸ் ஆட்களை ஒரு சுற்று முன்னதாகவே அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் வெளியூர் நல்ல ஆட்கள் கீழே வழிந்து வருவார்கள். ஏழாவது இடத்தில் இருந்த எனக்கு டாம்பாவின் நிகிதா குச்செரோவ் கிடைத்தார். அந்த சீசன் முடிந்தபோது 144 பாயிண்டோடு லீகிலேயே முதல் ஆள் அவர்தான். பாசமில்லாதவனுக்குக் கிடைத்த லாபம்.

மூன்றாவது சுற்றில் ஒருவர், சிகாகோ அப்போதுதான் எடுத்திருந்த கானர் பெடார்ட் என்கிற பதினெட்டு வயசுப் பையனைப் பிடித்தார். ஒரு ஆட்டம்கூட ஆடாத பையன். பத்திரிகைகள் எல்லாம் அடுத்த கடவுள் என்று எழுதிக்கொண்டிருந்தன. பேரனுக்கு அவன் மேல்தான் கண். "போச்சு" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். (அந்தப் பையன் 61 பாயிண்ட் எடுத்தான், ஜனவரியில் தாடை உடைந்தும். மூன்றாவது சுற்றுக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் புதுப் பெண்டாட்டிக்கு விலை பேசுவார்களா?) நடுச்சுற்றில் அண்ணை, எட்மன்டனின் ஸாக் ஹைமனை எடுத்தார். வயசு 31. டொரன்டோவில் பிறந்து, லீஃப்ஸுக்கு ஆடி, 2021-ல் அவர்கள் விட்டுவிட்டதால் எட்மன்டன் போனவர். குழந்தைகளுக்குக் கதைப் புத்தகங்கள் எழுதுகிறவர் என்று கேள்விப்பட்டபோது நான் எடுத்திருக்க வேண்டும் என்று தோன்றியது, எழுத்தாளன் என்கிற சகோதர பாசத்தில். ஹைமன் அந்த சீசனில் 54 கோல் போட்டார். அதற்கு முன் அவருடைய அதிகபட்சம் 36. யார் பக்கத்தில் ஆடினார் என்று நினைக்கிறீர்கள்?

இனி என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன்.

கோல்கீப்பரை அவர்கள் 'கோலி' என்கிறார்கள். முதல் தடவை மாப்பிள்ளை "மாமா, நல்ல கோலியா பார்த்து எடுங்க" என்றபோது எனக்கு ஒரு விராட்தான் தெரியும். இந்தக் கோலி வேறு. ஃபேன்டஸியில் இவன்தான் குடியைக் கெடுப்பவன். எங்கள் லீகில் கோலி ஜெயித்தால் 4 பாயிண்ட். ஒரு பக்கைத் தடுத்தால் 0.2. ஒரு கோல் விட்டால் மைனஸ் 2. நூறு அடியில் 92 தடுத்தால் ராஜா. 90 தடுத்தால் உத்தியோகம் நிலைக்கும். 86 தடுத்தால் வீட்டுக்குப் போகலாம். ராஜாவுக்கும் வீட்டுக்குப் போகிறவனுக்கும் நடுவே நூற்றுக்கு ஆறு பக்.

நான் எடுத்தது இல்யா சாம்சனோவ். லீஃப்ஸ் கோலி. ஊர்ப்பாசத்தைக் கேலி பண்ணினேனே, நான் எடுத்ததற்குக் காரணமும் ஒரு பாசம்தான். 2022-ல் வாஷிங்டன் டீம் இவரை வேண்டாம் என்று விட்டது. டொரன்டோ வந்து, ஒரு வருஷ ஒப்பந்தத்தில், 18 லட்சம் டாலர் சம்பளத்துக்கு நின்று, நூற்றுக்கு 92 தடுத்தார். 2023 ஏப்ரலில் லீஃப்ஸ் 2004-க்குப் பிறகு முதல் தடவையாக ஒரு பிளேஆஃப் சுற்றைத் தாண்டியது. கோலில் நின்றது இவர். சம்பள உயர்வு கேட்டபோது பேரம் படியாமல் பஞ்சாயத்துக்குப் போய், 35.5 லட்சம் என்று தீர்ப்பாயிற்று. அதுவும் ஒரே வருஷத்துக்குத்தான். வருஷா வருஷம் தன்னை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டிய ஆள். எனக்குப் பிடித்துப்போயிற்று. பேரன் கோலிக்கு இத்தனை சீக்கிரம் போகாதே என்றான். கேட்கவில்லை.

அக்டோபர் 11, லீஃப்ஸின் முதல் ஆட்டம். மாத்யூஸ் மூன்று கோல். மான்ட்ரியாலை 6-5 என்று ஜெயித்தார்கள். பேரன் கத்திக் குதிக்கிறான். நான் ஃபோனில் பார்க்கிறேன்: ஜெயித்ததற்கு 4, விட்ட ஐந்து கோலுக்கு மைனஸ் 10, தடுத்ததற்குச் சில்லறை. ஜெயித்தும் நஷ்டம்.

நவம்பரில் என்னைவிடப் பாவம் மாப்பிள்ளை. மெக்டேவிட்டுக்கு அக்டோபரில் அடிபட்டது. எட்மன்டன் முதல் பன்னிரண்டு ஆட்டத்தில் ஜெயித்தது இரண்டே இரண்டு. மாப்பிள்ளை எடுத்திருந்த கோலி, ஜாக் கேம்ப்பெல், வருஷத்துக்கு 50 லட்சம் டாலர் வாங்குகிறவர். அவரைக் கீழ் லீகுக்கு அனுப்பிவிட்டார்கள். நவம்பர் 12 அன்று கோச்சுக்கே சீட்டுக் கிழிந்தது. எங்கள் பட்டியலில் மாப்பிள்ளை பத்தாவது.

லீகுக்கு ஒரு வாட்ஸாப் குரூப் உண்டு. பாதிப் பேர் மாப்பிள்ளையின் ஆஃபீஸ் சிநேகிதர்கள். பத்தாவது இடத்தில் இருப்பவனை அவர்கள் ஓட்டுகிற ஓட்டு இருக்கிறதே, நம்ம டீக்கடை பெஞ்ச் தோற்றது. நவம்பர் மூன்றாவது வாரத்திலிருந்து அந்தக் கேலி நின்றுபோயிற்று. மாப்பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருத்தர் தன் டீமிலிருந்து ஒரு நல்ல ஆளை அவருக்கு விட்டுக்கொடுப்பதாகக்கூடச் சொன்னார். தோற்கிறவனை இப்படி மரியாதையாக நடத்துகிறார்களே என்று எனக்கு ஆச்சரியம்.

அப்புறம் இன்னொன்று கண்ணில் பட்டது. எவர் எந்த ஆளை எப்போது சேர்த்தார், எப்போது நீக்கினார் என்று நேரத்தோடு போட்டுவிடும் அந்த ஆப். மாப்பிள்ளை ராத்திரி பத்து மணிக்கு மேல், பாத்திரம் தேய்த்துவிட்டுத்தான் டீமைத் தொடுவார். இப்போது செவ்வாய் 10.40 காலை. புதன் 2.15 மதியம். வியாழன் 11.05. ஆஃபீஸில் வேலை நேரத்தில் ஃபோனையே தொட விடமாட்டார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பேங்கில் இருந்தவனுக்குத் தேதியும் நேரமும் பார்க்கிற வியாதி போகாது. இரண்டு வாரம் பார்த்தேன். பிறகு ஒரு காலை, பெண் மாடியில் குளித்துக்கொண்டிருந்தபோது, காபியை நீட்டிக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டேன்: "மாப்பிள்ளை, இன்னிக்கு பதினோரு மணிக்கு எவனையும் எடுத்துடாதீங்க. அந்த டிஃபென்ஸ்மேன் எனக்கு வேணும்."

அவர் காபியை வாங்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றார்.

"மாமா, அவளுக்குத் தெரியாது."

நவம்பர் நடுவில் ஒரு நாள் மீட்டிங்குக்குக் கூப்பிட்டு, கூடவே இன்னும் சிலரையும் கூப்பிட்டு, பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். சாயங்காலமே சொல்லியிருந்தால் விஷயம் அத்தோடு போயிருக்கும். ஒரு நாள் தள்ளிப்போட்டார். ஒரு நாள் ஒரு வாரம் ஆனது. தினமும் எட்டேகாலுக்குக் கிளம்பி, இரண்டு ஊர் தள்ளி ஒரு கிளை நூலகத்தில் உட்கார்ந்து வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார். "தமிழ்ப் புத்தகம்கூட வெச்சிருக்காங்க மாமா" என்றார், அது ஏதோ சமாதானம் போல.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பெண்ணிடம் போய்ச் சொல்வீர்களா? நான் சொல்லவில்லை. "நீங்கதான் சொல்லணும். சீக்கிரம் சொல்லிடுங்க" என்றேன். அவர் சரி என்றார். அன்றிலிருந்து நானும் ஒரு பொய்யன். தினமும் காலையில் என் பெண் அவருக்கு டப்பா கட்டிக் கொடுப்பாள். நான் எதிரே உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பதுபோல் பாவனை செய்வேன். ராத்திரி எட்மன்டன் ஜெயித்தால் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவருக்கு ஏதாவது ஒன்றாவது நேரானால் போதும் என்றிருந்தது.

இதற்கிடையில் சாம்சனோவ் சரிந்துகொண்டே போனார். டிசம்பர் 7 அன்று இன்னொரு கோலியான ஜோசஃப் வோலுக்குக் காயம். இனி இவர்தான் நிற்க வேண்டும். நிற்க முடியவில்லை. நூற்றுக்கு 86 சொச்சம். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் டி.வி.யில் அவர் முகத்தைக் கிட்டக் காட்டினார்கள். ஹெல்மெட்டைத் தூக்கி, தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு, மேலே எங்கேயோ பார்ப்பார். பேரன் தினமும் "தாத்தா, ட்ராப் பண்ணுங்க" என்பான். ஃபோனில் ஒரு பட்டன்தான். சிவப்பு வட்டத்துக்குள் ஒரு கழித்தல் குறி. அழுத்தினால் போயிற்று; "நிச்சயமாகவா?" என்று ஒரே ஒரு தடவை கேட்கும்.

டிசம்பர் 29 அன்று கொலம்பஸுக்கு எதிராக ஆறு கோல் விட்டார். ஓவர்டைமில் 6-5 என்று தோல்வி.

31-ம் தேதி மத்தியானம் நாங்கள் எல்லோரும் ஹாலில் இருந்தோம். பெண் ராத்திரிக்கு யாரோ வருகிறார்கள் என்று மசால் வடைக்குப் பருப்பு அரைத்துக்கொண்டிருந்தாள். பேரன் ஃபோனைப் பார்த்துக் கத்தினான்: "சாம்சனோவை வேய்வர்ஸ்ல போட்டுட்டாங்க!"

"அப்படின்னா?" என்று கேட்டேன். பேரன் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை சொன்னார்.

"வேண்டாம்னு வெளியில வெக்கறது மாமா. மத்த 31 டீமுக்கும் 24 மணி நேரம் டைம். யார் வேணா சும்மாவே எடுத்துக்கலாம். யாரும் எடுக்கலைன்னா கீழ் லீக்."

"யாராவது எடுப்பாங்களா?"

"பார்க்கணும்."

"நோ சான்ஸ்" என்றான் பேரன். "அவன் நம்பர்ஸ் பாருங்க. யாரு எடுப்பா? தாத்தா, இப்பவாவது ட்ராப் பண்ணுங்க."

"வேணாம். இருக்கட்டும்" என்றேன். குரல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது போலிருக்கிறது. பேரன் என்னையே பார்த்தான். மாப்பிள்ளை எழுந்து கிச்சனுக்குள் போனார். மிக்ஸி சத்தம் நின்றது. அப்புறம் ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்லை.

சத்தம் வந்தபோது, என் பெண் வேலை போனதற்காக அழவில்லை. "ஆறு வாரம் டப்பா கட்டிக் குடுத்தேனே, எங்க உக்காந்து சாப்ட்டீங்க?" என்று கேட்டாள். கார்லதான் என்றார் அவர். டிசம்பர் மாசத்தில், பார்க்கிங்கில், எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு. அதைக் கேட்டுவிட்டுத்தான் அழுதாள். அழுது முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, உங்களுக்கும் தெரியுமா?"

என்னிடம் பதில் இல்லை. மாப்பிள்ளை சொல்ல வேண்டிய விஷயம் என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஆனால் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. புத்தாண்டு பிறந்து இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "காபி மேஜை மேல இருக்கு" என்றாள். அவ்வளவுதான். அந்த வீட்டில் மன்னிப்பு எல்லாம் காபி வழியாகத்தான் வரும்; அவள் அம்மாவும் அப்படித்தான்.

சாம்சனோவை 31 டீமில் ஒன்றுகூட எடுக்கவில்லை. உடனே கீழ் லீகில் ஆடவிடாமல், தனியாகப் பயிற்சி செய்ய விட்டார்கள். மார்ட்டின் ஜோன்ஸ் என்கிற அனுபவசாலி கோலில் நின்றார். என் டீமில் சாம்சனோவ் பெஞ்சில் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டு, பைசா பிரயோஜனமில்லாமல் இருந்தார். நான் ஏழாவதிலிருந்து எட்டாவதுக்கு இறங்கினேன். பேரனுக்கு அதுவரை ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கே எல்லாம் தெரிந்திருந்தது. ட்ராப் பண்ணு என்று மட்டும் அப்புறம் சொல்லவே இல்லை.

ஜனவரியில் எட்மன்டன் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! டிசம்பர் 21-ல் ஆரம்பித்துத் தொடர்ந்து 16 வெற்றி. 17 ஜெயித்திருந்தால் பிட்ஸ்பர்கின் முப்பது வருஷச் சாதனையைத் தொட்டிருப்பார்கள். மெக்டேவிட்டின் புண்ணியத்தில் மாப்பிள்ளை பத்தாவதிலிருந்து நான்காவதுக்கு வந்தார். பகல் முழுக்க விண்ணப்பம், இன்டர்வியூ, 'வீ ரிக்ரெட்' மெயில். இப்போது வீட்டு டைனிங் டேபிளிலேயே. ராத்திரி ஆட்டம். அண்ணை விஷயம் கேள்விப்பட்டு ஒரு நாள் கடையிலிருந்து இரண்டு பை நிறைய மளிகை கொண்டுவந்து வைத்தார். "சும்மா தரேல்லை. எனக்கு அந்த மெக்டேவிட்டைத் தாரும்" என்றார். மாப்பிள்ளை ஒன்றரை மாசத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். தரவில்லை.

ஜனவரி 21, சியாட்டில் ஆட்டம். லீஃப்ஸ் கோலில் சாம்சனோவ். நான் காலையிலேயே அவரைப் பெஞ்சிலிருந்து எடுத்து ஆட்டத்தில் போட்டுவிட்டேன். பேரன் பார்த்தான், கேட்கவில்லை. 3-1. ஒரே கோல். ஆட்டம் முடிந்ததும் மற்றவர்கள் வந்து அவர் ஹெல்மெட்டில் தலையை முட்டினார்கள். அதற்கப்புறம் ஒழுங்காகத்தான் நின்றார். சீசன் முடிவில் 23 வெற்றி, 7 தோல்வி, ஓவர்டைமில் 8. தடுத்தது நூற்றுக்கு 89. ராஜா இல்லை; வீட்டுக்குப் போகிற ஆளும் இல்லை.

மார்ச்சில் என் விசா முடிகிற வாரம் மாப்பிள்ளைக்கு வேலை கிடைத்தது. பழைய இடத்தைவிடச் சம்பளம் குறைவு, போகவர ஒன்றரை மணி நேரம். நான் சென்னை வந்த பிறகும் ஏப்ரல் வரை ஆடினேன். கடைசியில் ஆறாவது. மாப்பிள்ளை மூன்றாவது. ஜெயித்தது அண்ணை: மாத்யூஸ் 69 கோல், ஹைமன் 54. பேரன் சொன்னது சரியாயிற்று. அடித்தது உள்ளே போகத் தொடங்கியிருந்தது. 369 அடியில் 69. இருநூறு டாலரையும் அண்ணை எல்லோருக்கும் கொத்து ரொட்டி வாங்கிக் கொடுத்தே தீர்த்துவிட்டாராம். "லீஃப்ஸுக்குத்தான் கப் இல்லை, எனக்காவது இருக்கட்டும்" என்று ஃபோனில் சொன்னார்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. 2024 மே 4, பாஸ்டனோடு ஏழாவது ஆட்டம். வோல் மறுபடி காயம் பட்டு வெளியே. சாம்சனோவ் நின்றார். நான் விடிகாலையில் எழுந்து லாப்டாப்பில் பார்த்தேன். நன்றாக நின்றார். 1-1 என்று ஓவர்டைம் போனது. பாஸ்டர்நாக் ஒரு பக்கை உள்ளே தள்ளினார். 2-1. ஃபேன்டஸி ஏப்ரலிலேயே முடிந்துவிடுவதால் அந்த ஆட்டத்துக்கு எங்கள் கணக்கில் பாயிண்ட் கிடையாது.

லீஃப்ஸ் அவரை விட்டுவிட்டது. ஜூலையில் வேகஸ் டீம் எடுத்துக்கொண்டது. ஒரு வருஷ ஒப்பந்தம், 18 லட்சம் டாலர். டொரன்டோவுக்கு முதலில் வந்தபோது வாங்கிய அதே தொகை.

2024 செப்டம்பரில் அடுத்த டிராஃப்ட். டொரன்டோவில் ராத்திரி எட்டு மணி. எனக்குச் சென்னையில் காலை ஐந்தரை. வாசலில் பால் பாக்கெட் வந்து விழுகிற சத்தம். இந்தத் தடவை கோலிக்கு அவசரப்படுவதில்லை என்று பேரனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். சாம்சனோவை யாரும் சீண்ட மாட்டார்கள். வேகஸில் அவர் இரண்டாவது கோலி. பதினாறாவது சுற்றில் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று பெயரை ஃபோனில் குறித்து வைத்திருந்தேன்.

பதினைந்தாவது சுற்றில் மாப்பிள்ளை எடுத்துவிட்டார்.

குரூப்பில் ஆஃபீஸ்காரர்கள் சிரிப்பு பொம்மைகளாகப் போட்டுத் தள்ளினார்கள். 'பேக்கப் கோலிக்கு இவ்வளவு சீக்கிரமா?' என்று ஒருத்தர். பேரன், 'அப்பா, ஒய்?' என்று கேட்டிருந்தான். அவர் ஒன்றும் பதில் போடவில்லை. என் முறை வந்தது. அறுபது விநாடி. நான் கண்ணாடியைத் தேடினேன்.